பாலர் பள்ளியில் கோபமும் இணக்கமும்

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று மற்றொரு குழந்தையைப் பிடித்துத் தள்ளிவிட்டால், அல்லது கையை வெடுக்கென்று கடித்துவிட்டால், பெற்றவள் கூனிக் குறுகிப்போய், "இந்தக் கெட்ட புத்தியை எங்கிருந்துதான் கற்றுக்கொண்டானோ!" என்று அங்கலாய்ப்பதும், அடுத்த வீட்டுப் பையன்மீதோ கைப்பேசியில் ஓடும் படங்கள்மீதோ பழியைப் போட்டு மனத்தை ஆற்றிக்கொள்வதும் நம் குடும்பங்களில் சகஜமாக நிகழ்பவை. குழந்தை மாசு மறுவற்ற சுபாவத்தோடு பிறக்கிறது, துஷ்ட குணம் பின்னால் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்ற நம்பிக்கையே இந்த அங்கலாய்ப்புக்கு அஸ்திவாரம். 1762-இல் 'எமீல்' என்ற நூலை வெளியிட்ட ரூஸோ முதல் நம் பாட்டிமார் வரை எத்தனையோ பேர் அன்போடு போற்றி வந்த நம்பிக்கை அது. ஆனால் கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் ஏராளமான குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே ஆண்டுதோறும் விடாமல் பின்தொடர்ந்து ஆராய்ந்ததில், அடித்தல், கடித்தல், உதைத்தல், பிடுங்குதல் முதலிய தேக பலாத்காரம் ஒரு மனிதனின் ஆயுளிலேயே மிக அடிக்கடி தலைகாட்டும் பருவம் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்டதே என்றும், அதன்பின் பெரும்பாலான குழந்தைகளிடம் அது படிப்படியாகத் தேய்ந்து வருகிறது என்றும் கண்டார்கள். மூர்க்கத்தைக் குழந்தை கற்க வேண்டியதில்லை. மூர்க்கத்தைக் கைவிடுவதைத்தான் அது கற்றாக வேண்டியிருக்கிறது.

இந்த முடிவைக் கேட்டு மனம் தளர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கால் வந்துவிட்டது, கை வந்துவிட்டது, 'எனக்கு வேண்டும்' என்ற ஆசையும் முழு வேகத்தோடு வந்துவிட்டது. அந்த ஆசையைச் சொல்லி விளக்கும் வார்த்தையும், அது நிறைவேறும்வரை காத்திருக்கும் பொறுமையும், எதிரில் நிற்கும் இன்னொரு குழந்தைக்கும் அதே ஆசை இருக்கிறது என்ற ஞானமும் இன்னும் வந்து சேரவில்லை. இவை ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர, கையின் வேலை குறைகிறது. ஆகவே பாலர் பள்ளியில் நாம் செய்ய வேண்டிய காரியம், ஒரு குழந்தை எதைப் பெறுவதற்காக அடிக்கிறதோ அதை அடிக்காமலே பெறும் உபாயத்தை அதற்குப் பழக்கிவிடுவதுதான் என்பது என் துணிபு. கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் இத்துறையில் நடந்த ஆராய்ச்சிகளில் எனக்குத் தெரிந்தவற்றை இந்தத் துணிபுக்கு ஆதாரமாக இங்கே எடுத்துவைக்கிறேன்.

சிறு குழந்தையின் கோபத்தைப் பொறுமையோடு எண்ணிக் கணக்கெடுத்தவர்களில் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றிய ஃப்ளோரன்ஸ் குடினஃப் அம்மையார். 45 குழந்தைகளின் பெற்றோரிடம் குறிப்பேடு கொடுத்து, வீட்டில் குழந்தை சீறி எழும் ஒவ்வொரு தடவையும் என்ன காரணம், எந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று உடனுக்குடன் எழுதச் செய்து, அவ்வாறு திரண்ட 1,878 கோபாவேசங்களைப் பகுத்து 1931-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கோபம் உச்சத்தில் இருப்பது இரண்டாம் வயதில் என்பதும், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பும் உடம்பு சரியில்லாத நாட்களிலும் அது பெருகுகிறது என்பதும் அந்தக் கணக்கிலிருந்து வெளிப்பட்டன. பசித்த பிள்ளை சிடுசிடுக்கும் என்பதை அறிய ஆராய்ச்சி எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். ஆனால் பதினொன்றரை மணிக்கு, சோறு இறக்கி வைக்கும் தறுவாயில், இருபத்தைந்து குழந்தைகளை வரிசையில் உட்காரவைத்து 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்று அரை மணி நேரம் காக்கவைக்கும் வழக்கம் எத்தனை இடங்களில் இன்றும் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சாதாரண உண்மை போதிய அளவு பரவவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1934-இல், ஹெலன் டாவ் என்பவர் பள்ளிக்குள்ளேயே சென்று பார்த்தார். ஒரு பாலர் பள்ளியின் 40 குழந்தைகள், தங்கள் இஷ்டம்போல் விளையாடும் நேரத்தில் போட்ட 200 சண்டைகளைத் தொடக்கம் முதல் முடிவுவரை குறித்துக்கொண்டு போனதில், ஒரு சண்டையின் சராசரி ஆயுள் சுமார் 23 விநாடிதான் என்று தெரிந்தது. பெரும்பாலான சண்டைகள் ஏதாவது ஒரு பொருளின் உரிமையைப் பற்றியவை. அவற்றுள் மிகுதியானவை பெரியவர் யாரும் குறுக்கிடாமலே தீர்ந்தவை. தீர்ந்த மறு கணமே குழந்தைகள் பழைய விளையாட்டுக்குத் திரும்பினார்கள். பெரியவர்களாகிய நாம் வருஷக் கணக்கில் மனத்தில் வைத்துப் புகையும் விரோதத்தை இந்த 23 விநாடிச் சண்டைமீது ஏற்றிப் பார்ப்பதனால்தான், அதற்குத் தகாத தண்டனைகளையும் அதற்குத் தகாத பெயர்களையும் கொடுத்துவிடுகிறோம். 'ரவுடி', 'முரடன்' என்று ஒரு முறை பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயர் அந்தக் குழந்தையோடு ஒன்றாம் வகுப்புவரை நடந்து வருகிறது.

ஆனாலும் எல்லாச் சண்டையும் தானே ஓய்ந்துவிடுவதில்லை. சில குழந்தைகளிடம் அடிக்கும் பழக்கம் தேயாமல் வேரூன்றுவது ஏன் என்ற கேள்விக்கு, ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்ஸனும் அவருடைய இரு சகாக்களும் 1967-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு தெளிவான விடை தந்தது. பாலர் பள்ளிக் குழந்தைகளை மாதக் கணக்கில் கவனித்து, ஒரு குழந்தை அடித்ததும் அடுத்த விநாடியில் என்ன நிகழ்ந்தது என்று அவர்கள் பதிவு செய்தார்கள். அவர்கள் கண்டது இது: நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட தடவைகளில் அடித்த குழந்தைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அடிபட்ட குழந்தை அழுதது, விலகியது, அல்லது கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டது.

இதை நம் கண்முன் நிறுத்திப் பார்ப்போம். அங்கன்வாடியின் சிமென்டுத் தரையில் ஒரு பெண் குழந்தை சக்கரம் ஒன்று கழன்ற பிளாஸ்டிக் லாரியைக் குப்புறப் பிடித்து, மீதமுள்ள சக்கரங்களை விரலால் சுழற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பையன் வருகிறான், சற்று நேரம் நின்று பார்க்கிறான், பக்கத்தில் குந்துகிறான், லாரியின் மேல் கை வைக்கிறான். அவள் தன் பக்கம் இழுக்கிறாள். அவன் முதுகில் ஒரு குத்து விடுகிறான், அவள் கை நழுவுகிறது, லாரி அவனுடையதாகிறது, அடுப்படியில் இருந்த ஆயா, "ஏய், யாருடா அது?" என்று குரல் கொடுத்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுகிறார். எல்லாம் கால் நிமிஷத்தில் முடிந்தது. அந்தக் கால் நிமிஷத்தில் பையன் ஒரு பாடத்தைப் பூரணமாகக் கற்றுவிட்டான். நாளை அவன் நின்று பார்க்கவும் மாட்டான், பக்கத்தில் குந்தவும் மாட்டான், நேரே குத்துவான். பாட்டர்ஸன் குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள்: ஓயாமல் அடிபட்டு வந்த சாது, ஒரு நாள் திருப்பி அடித்து அதனால் பயன் பெற்றதும், பின்னர் தானே வலியச் சென்று அடிக்கத் தொடங்கியது. ஆகவே அடிப்பவனுக்குத் தண்டனை கொடுத்ததோடு விஷயம் தீர்ந்துவிடாது. அடி பயன்தராமல் போக வேண்டும், அதாவது லாரி அந்தப் பெண்ணிடம் திரும்பிப் போக வேண்டும். அவன் 'எனக்கும் குடு' என்று கேட்ட அன்று, சற்றுத் தாமதித்தாவது, அவனுக்கும் அது கிடைத்தாக வேண்டும்.

லாரியைப்போலவே ஆசிரியையின் கவனமும் ஒரு பெரிய பரிசு என்பதை 1965-இல் பால் பிரவுனும் ரோஜர்ஸ் எலியட்டும் காட்டினார்கள். மூன்று, நான்கு வயதுப் பையன்கள் 27 பேர் இருந்த ஒரு வகுப்பில், அபாயம் இல்லாத மட்டும் முரட்டுச் செய்கைகளைப் பாராமுகமாக விட்டுவிட்டு, இணங்கி விளையாடும் தருணங்களில் அருகே சென்று பேசிப் பாராட்டும்படி ஆசிரியைகளைக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் கையாலும் வாயாலும் நிகழ்ந்த சண்டைகள் இரண்டுமே குறைந்தன. ஏற்பாட்டை நிறுத்தியதும் கைச்சண்டை மீண்டும் தலைதூக்கியது. மறுபடி தொடங்கியதும் தணிந்தது. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான நியதிதான் நிலவுகிறது. இரண்டு குழந்தைகள் ஒரு மணி நேரம் ஒற்றுமையாகச் சொப்பு வைத்து விளையாடினால் அவர்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒருவன் மற்றவன் தலையில் மணலைக் கொட்டியதும் பள்ளிக்கூடமே அவனைச் சூழ்ந்துகொள்கிறது. பாராமுகம் ஒன்றே போதும் என்று நான் கருதவில்லை. அடிபட்ட குழந்தையைத் தூக்கித் தேற்றுவது முதல் கடமை, அந்தத் தேற்றுதலே அடித்தவனுக்கு 'இங்கே கவனம் யாருக்குக் கிடைக்கிறது' என்பதை உணர்த்திவிடும்.

இங்கே பிரம்பைப் பற்றிப் பேசாமல் மேலே செல்ல முடியாது. 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில் 36 பையன்களையும் 36 பெண் குழந்தைகளையும் கொண்டு ஆல்பர்ட் பாண்டுரா நடத்திய பரிசோதனை உலகப் பிரசித்தி பெற்றது. காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றை வயது வந்த ஒருவர் குத்தியும் சுத்தியலால் அடித்தும் காட்ட, அதைப் பார்த்திருந்த குழந்தைகள், தங்களுக்குச் சற்றுக் கோபமூட்டப்பட்டபின், அதே அடிகளை அடித்தார்கள், அவர் சொன்ன அதே வார்த்தைகளையும் சொன்னார்கள்; சாந்தமாக நடந்துகொண்டவரைப் பார்த்த குழந்தைகள் அப்படிச் செய்தது மிகக் குறைவு. ஒரு பொம்மைமீது அந்நியர் ஒருவர் சில நிமிஷம் காட்டிய மூர்க்கமே இவ்வளவு துல்லியமாகப் பதியுமானால், தான் நேசிக்கும் ஆசிரியையே தன் தோழன் தொடையில் ஸ்கேலால் அடிப்பதைத் தினந்தோறும் பார்க்கும் குழந்தையின் நெஞ்சில் என்ன பதியும்? எலிசபெத் கெர்ஷாஃப் அம்மையாரும் ஆண்ட்ரூ குரோகன்-கேலரும் 2016-இல் 75 ஆராய்ச்சிகளை, அவற்றில் அடங்கிய 1,60,927 குழந்தைகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தபோது, பெற்றோர் கையால் அடிக்கும் சாதாரண அடிகூடக் குழந்தையின் முரட்டுத்தனம் மிகுவதோடு சம்பந்தப்பட்டிருந்ததே தவிர, குறைவதோடு சம்பந்தப்படவில்லை. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை மாட்டுத் தொழுவத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று எவ்விதத் தயக்கமுமின்றிச் சொல்கிறேன்.

அப்படியானால் குழந்தைக்கு என்ன கொடுப்பது? முதலாவதாக வார்த்தை. 1970-களில் பிலடெல்ஃபியா நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு வயதுக் குழந்தைகளிடையே மிர்னா ஷூர் அம்மையாரும் ஜார்ஜ் ஸ்பிவாக்கும் வகுத்த பாடத்திட்டம் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. நாளொன்றுக்கு இருபது நிமிஷம் போல, விளையாட்டு ரூபமாகவே அது நடைபெறும். நீதி உபதேசம் அதில் கிடையாது. 'அதே – வேறே', 'இது – இது இல்லை', 'முன்னால் – பின்னால்', 'ஏன் – அதனால்', 'ஒருவேளை' என்ற சின்னஞ்சிறு சொற்களை முதலில் பழக்குவார்கள். கோபம் மூண்ட குழந்தையிடம் 'வேறே என்ன செய்யலாம்?' என்று கேட்டால், 'வேறே' என்ற சொல் வசப்படாத குழந்தை எப்படி விடை தேடும் என்பது அவர்களுடைய நுட்பமான யோசனை. பிறகு முகத்தைப் பார்த்து மனத்தை ஊகிப்பது, ஒரே பிரச்சினைக்குப் பல வழிகளைத் தேடுவது, ஒவ்வொரு வழிக்கும் பின்விளைவு என்ன என்று யோசிப்பது என்று பாடம் வளரும். இம்முறையில் பழகிய ஆசிரியை நம் அங்கன்வாடியில் இருந்தால், அந்த லாரிச் சண்டை ஏறக்குறைய இப்படிப் போகும்:

"என்ன கண்ணு நடந்துச்சு?"

"லாரி எனக்கு வேணும் டீச்சர்."

"சரி. நீ முதுகுல குத்துனதும் பாப்பா முகம் எப்படி ஆச்சு? பாரு."

"அழுவுது."

"லாரி உனக்கு வேணும், பாப்பாவும் அழக் கூடாது. வேறே என்ன செய்யலாம்?"

"குடுன்னு கேக்கலாம்."

"கேட்டுப் பாரு. ஒருவேளை அவ குடுக்கலைன்னா?"

"…அப்புறம் குடுன்னு சொல்லலாம். நான் மணல் அள்ளிப் போடுறேன், அவ லாரி ஓட்டட்டும்."

இங்கே ஆசிரியை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. எந்த யோசனை சிறந்தது என்றுகூடச் சொல்லவில்லை. யோசனைகளின் எண்ணிக்கை பெருகுவதே பலன் என்பது ஷூர், ஸ்பிவாக் இருவரின் முடிவு: ஒரு பிரச்சினைக்கு அதிக வழிகளைச் சொல்லக் கற்ற குழந்தைகளிடம் அவசரபுத்தியும் முரட்டுத்தனமும் குறைந்தன, கூச்சத்தால் ஒதுங்கியிருந்த குழந்தைகளும் மெல்ல முன்வந்தனர். ஒதுங்கி நிற்கும் குழந்தையால் யாருக்கும் தொந்தரவில்லை என்பதால் நாம் அதை 'சமர்த்து' என்று பாராட்டி மறந்துவிடுகிறோம். சேர்ந்து விளையாடத் தெரியாமை அதற்கும் ஒரு குறைதான், அதற்கும் அதே சிகிச்சை பலித்தது என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவதாக, பொங்கி எழும் கோபத்துக்கும் ஓங்கும் கைக்கும் நடுவே சிறிது அவகாசம். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் மார்லீன் ஷ்னைடரும் ஆர்தர் ராபினும் 1970-களில் இதற்கு ஆமையைத் துணைக்கு அழைத்தார்கள். அடிக்கடி கோபித்து வம்பில் மாட்டிக்கொண்ட ஒரு குட்டி ஆமைக்கு, வயது முதிர்ந்த ஆமை ஒன்று, உன் வீடு உன் முதுகிலேயே இருக்கிறதே, கோபம் வந்தால் அதற்குள் போய்விடு என்று புத்தி சொல்லும் கதை அது. கதையைக் கேட்ட குழந்தைகள் கோபம் வரும்போது கைகளை உடம்போடு சேர்த்து, தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தி, பிறகு என்ன செய்யலாம் என்று யோசிக்கப் பழக்கப்பட்டார்கள். அடக்கமுடைமைக்கு ஆமையை உவமையாகக் காட்டிய வள்ளுவரைப் பாட்டனாராகக் கொண்ட நமக்கு இந்த வித்தை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. இதே ஆமை பின்னர் கைப்பாவையாக வேஷம் தரித்து, சியாட்டில் நகரில் காரலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் அமைத்த பாடத்திட்டத்திலும், 'பாத்ஸ்' என்ற திட்டத்திலும் இடம்பெற்றது.

பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்க வேண்டிய நேரத்தில் ஆமைக் கதையும் பாவைக்கூத்தும் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே அதிகம். மூன்று வயதில் கையில் பென்சிலைத் திணிக்கும் நர்சரிப் பள்ளிகள் அவர்களை நம்பியே நடக்கின்றன. அவர்களுக்கு விடையாக, காரன் பியர்மன் அம்மையாரின் தலைமையில் பென்சில்வேனியாவில் 44 வகுப்புகளில், 356 நான்கு வயதுக் குழந்தைகளிடையே நடந்து 2008-இல் வெளியான ஆராய்ச்சியைக் காட்டலாம். சமூகப் பழக்கங்களுக்கான 'பாத்ஸ்' பாடங்களையும், கதை வாசிப்பு, ஒலி விளையாட்டு முதலிய மொழிப் பயிற்சியையும் இணைத்து நடத்திய வகுப்புகளில், சொல்வளம், எழுத்தறிவுக்கான முதற்படிகள், பிறர் உணர்ச்சியை அறிதல், பிணக்கைத் தீர்த்தல், கற்பதில் ஈடுபாடு ஆகிய யாவுமே வழக்கமான வகுப்புகளைவிட மேம்பட்டன. ஒன்றுக்காக மற்றொன்றைத் தியாகம் செய்ய நேரவில்லை. சண்டை ஓயாத வகுப்பில் அகரம் எழுதவும் நேரம் இராது என்பது எந்த உபாத்தியாயினிக்கும் அநுபவத்தில் தெரிந்ததே.

இந்தப் பாடத்திட்டங்களைச் சர்வரோக நிவாரணியாக விளம்பரம் செய்வோரும் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்க அரசின் 'ஹெட் ஸ்டார்ட்' பள்ளிகளில் மூன்று திட்டங்களைப் பெரிய அளவில் ஒப்பிட்டு நடத்தி 2014-இல் முடிவு கூறிய ஒரு பரிசோதனையில், உணர்ச்சியை அறிவதிலும் பிணக்கைத் தீர்க்கும் யோசனையிலும் முன்னேற்றம் தெரிந்ததே தவிர, முரட்டுச் செய்கைகள் பெரிதாகக் குறைந்ததற்குத் திடமான சாட்சியம் கிடைக்கவில்லை. அறிவது வேறு, கோபம் வந்த நேரத்தில் அறிந்தபடி நடப்பது வேறு. பின்னது பழக்கத்தால், அதுவும் சண்டை நடக்கும் இடத்திலேயே பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து பழக்குவதால் மட்டுமே வரும். வாரம் ஒரு மணி நேரம் பாவையைக் காட்டிவிட்டு மீதி நேரமெல்லாம் அதட்டும் வகுப்பில் பாவையினால் ஒரு பிரயோஜனமும் விளையாது.

நீண்ட காலப் பலனைக் காட்டிய ஒரு முயற்சியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1984-இல் மாண்ட்ரியாலின் ஏழை வட்டாரங்களிலுள்ள 53 பள்ளிகளில் பயின்ற 1,037 சிறுவர்களைப் பற்றி, அவர்கள் மழலை வகுப்பில் இருக்கும்போதே ஆசிரியைகளிடம் விசாரித்து, அவர்களில் மிகவும் அடங்காதவர்களைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஏழு வயது முதல் ஒன்பது வயதுவரை, ட்ரெம்ப்ளேயின் குழுவினர் இரண்டு ஆண்டு உதவி செய்தார்கள். பெற்றோருக்கு வீட்டிலேயே பயிற்சி. சிறுவர்களுக்குப் பள்ளியில் சிறு குழுக்களாகப் பழக்கப் பயிற்சி. அந்தக் குழுக்களை அமைத்த விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது: முரட்டுப் பையன் ஒருவனையோ இருவரையோ, நற்பழக்கமுள்ள நாலைந்து சிறுவர்களோடு சேர்த்து உட்காரவைத்தார்கள். அந்தச் சிறுவர்கள் 24 வயது இளைஞர்களானபோது விசாரித்ததில், உதவி பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 46 பேர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள், உதவி பெறாதவர்களில் 32 பேர். குற்றப் பதிவு உடையவர்கள் முன்னவர்களில் 22 பேர், பின்னவர்களில் 33 பேர்.

முரடர்களை மட்டும் ஒன்றாகத் திரட்டித் திருத்த முயன்றால் என்ன ஆகும் என்பதை 1999-இல் தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், பிரான்ஸ்வா பூலின் மூவரும் எழுதிய கட்டுரை காட்டியது. அது வளரிளம் பருவத்தினரைப் பற்றியது என்றாலும், ஒருவர் குறும்புக்கு மற்றவர் சிரித்துச் சிரித்தே அங்கே துஷ்டத்தனம் வளர்ந்தது என்ற செய்தி நமக்கும் பொருந்தும். அப்படியிருக்க, அடங்காத குழந்தைக்கு நாம் செய்வது என்ன? கடைசி வரிசையில் தனியே உட்காரவைப்பது. அல்லது பெற்றோரை வரவழைத்து, 'இவனை வேறு இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கைகழுவுவது. இந்த விஷயத்தில் அமெரிக்காவும் நமக்கு இளைத்ததல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005-இல் கணக்கெடுத்தபோது, அங்கே அரசு ஆதரவு பெற்ற பாலர் வகுப்புகளில் ஆயிரத்துக்கு 6.67 குழந்தைகள் வெளியேற்றப்பட்டார்கள். இது மேல் வகுப்புகளின் விகிதத்தைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். குழந்தையின் நடத்தையைப் பற்றிக் கலந்தாலோசிக்க ஒரு நிபுணர் கிடைத்த ஆசிரியைகளின் வகுப்பில் வெளியேற்றம் குறைவு என்பதையும் அவர் கண்டார். கைகொடுக்க ஆள் இருந்தால் ஆசிரியை கைவிடுவதில்லை.

இவையெல்லாம் செல்வ நாட்டுச் செய்திகள், நமக்கு எட்டுமா என்ற ஐயத்துக்கு ஜமெய்க்காத் தீவு விடை தருகிறது. தலைநகர் கிங்ஸ்டனின் நெரிசல் மிகுந்த ஏழை வட்டாரங்களில், ஊர்மக்களே நடத்தும் சிறு பாலர் பள்ளிகள் உண்டு. இடம் குறைவு, சாமான்கள் குறைவு, ஆசிரியைகளில் பலருக்குப் பெரிய படிப்பில்லை, வெளியே தெருவில் வன்முறை சாதாரணம். பாலர் பள்ளிகளில் அடிப்பதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் வழக்கம் நிற்கவில்லை. அங்கே ஹெலன் பேக்கர்-ஹெனிங்ஹம் அம்மையார் 24 பள்ளிகளைத் தேர்ந்து, சீட்டுப் போட்டதுபோல் இரு பகுதியாக்கி, ஒரு பகுதியின் ஆசிரியைகளுக்கு வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் முறையில் முழுநாள் பயிற்சிகளும், வகுப்புக்கே வந்து செய்துகாட்டும் உதவியும், குழந்தைகளுக்கென்று 14 பாடங்களும் அளித்தார். மிகுந்த தொல்லை தரும் குழந்தைகள் என்று வகுப்புக்கு மூவராகத் தேர்ந்த 225 பேரைக் கவனித்து 2012-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பயிற்சி பெற்ற பள்ளிகளில் முரட்டு நடத்தை குறைந்தது, சிநேகம் பாராட்டும் பழக்கம் கூடியது, வீட்டிலும் மாறுதல் தெரிந்ததாகப் பெற்றோர் கூறினர், பள்ளிக்கு வரும் நாட்களும் அதிகரித்தன. பின்னர் அந்த முறையையே உள்ளூர் ஆசிரியைகளின் யோசனையைக் கேட்டு எளிமைப்படுத்தி, 76 பள்ளிகளில் நடத்திப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆசிரியைகள் குழந்தைகளை அடிப்பதும் வைவதும் பாதிக்கும் மேல் குறைந்தன. அடிக்காதே என்ற சட்டத்தால் சாதிக்க முடியாததை, அடிப்பதற்குப் பதில் என்ன செய்வது என்று பக்கத்தில் நின்று காட்டிய பயிற்சி சாதித்தது. குழந்தைக்கு எது பொருந்துமோ அதுவே ஆசிரியைக்கும் பொருந்துகிறது என்பதை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த ஞானம் முற்றிலும் புதியதென்றும் சொல்ல முடியாது. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், கூரைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்கு ஆசிரியப் பயிற்சி நடத்தினார். யுத்தம் காரணமாகத் திரும்பிப் போக முடியாமல் கொடைக்கானலிலும் பிற இடங்களிலும் 1946 வரை தங்கினார். ஒவ்வொரு கருவியிலும் ஒன்றே ஒன்றுதான் வகுப்பில் இருக்க வேண்டும் என்று அவர் விதித்திருந்தார். கையிலிருப்பவர் வேலையை முடித்து அதை இருந்த இடத்தில் வைக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். யாரும் உபதேசிக்காமலே பொறுமையும் பிறர் உரிமையை மதிப்பதும் தினசரிப் பழக்கமாகிவிடும் என்பது அவர் கருத்து. இதைச் சாக்காக வைத்து, இருபத்தைந்து குழந்தைகளுக்கு உடைந்த லாரி ஒன்றே போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அவருடைய வகுப்பில் ஒரு கருவி கிடைக்காவிட்டால் எடுத்துக்கொள்ள வேறு கருவிகள் எத்தனையோ அலமாரியில் இருந்தன.

இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் நல்லதொரு பாடத்திட்டமும் இருக்கிறது. பெரும்பாலான மையங்களில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் சமையல், சத்துமாவு, எடை பார்ப்பது, பதிவேடு, வீடு வீடாகச் செல்வது ஆகிய அனைத்தையும் பார்த்துக்கொண்டே குழந்தைகளையும் பார்க்கிறார்கள். அவர்களிடம் 'அடிக்காதீர்கள்' என்று சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை. கிங்ஸ்டனில் செய்ததுபோல், சண்டை நடக்கும் நேரத்தில் வகுப்புக்கே வந்து பக்கத்தில் அமர்ந்து வழி காட்டக்கூடிய பயிற்சியாளர்களை வட்டாரத்துக்குச் சிலராவது நியமிப்பதும், விளையாட்டுச் சாமான்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் பணம் ஒதுக்குவதும், சமையல் வேலையையும் வகுப்பு வேலையையும் ஒருவர் தலையில் சுமத்தாமல் பிரிப்பதும் அரசாங்கம் உடனே செய்யத்தக்க காரியங்கள். பெற்றோர்களும் நர்சரிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, எத்தனை மாதத்தில் இங்கிலீஷ் எழுத்துக்கள் எழுதுவான் என்று விசாரிப்பதற்கு முன், விளையாட்டு நேரத்தில் அரை மணி வகுப்பின் ஓரத்தில் நின்று, இரண்டு குழந்தைகள் ஒரே பொம்மைக்குக் கை நீட்டும்போது அங்குள்ள ஆசிரியை என்ன செய்கிறார் என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைக் கட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.